குறைந்த விலையை யார் சுமப்பது?



தோட்டத்து ஸ்டோருக்கு ஒரு மண்வெட்டி வாங்குவதென்றாலும் கிராணி மூன்று கடையில் விலை கேட்டு எழுதி வைக்க வேண்டும். "மூன்று கொட்டேஷன்" என்று நாம் சொல்வது இதைத்தான். நல்ல வழக்கம். ஆனால், நல்ல வழக்கம் காகிதத்தில் மட்டும் உயிர் வாழ்ந்தால் என்ன ஆகும்? அதை நான் கண்ணால் கண்டவன். கண்டவன் மட்டுமல்லன்; அந்தக் காகிதங்களுக்குத் துளை போட்டுக் கோப்பில் சேர்த்தவனும் நானே.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்வர ஒரு பஸ் வாங்குவதற்குப் பொதுப் பணத்திலிருந்து மானியம் கிடைத்தது. பணத்தைப் பெற்று பஸ் வாங்கும் பொறுப்பு ஓர் அமைப்பிடம் இருந்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். மூன்று கொட்டேஷன்கள் வந்தன. மூன்று கம்பெனி, மூன்று முத்திரை. ஆனால், மூன்றிலும் ஒரே சொல்லில் ஒரே எழுத்துப் பிழை! ஒரே கை எழுதியது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. வாய் திறக்கவில்லை. விலை குறைத்துச் சொன்னவரிடமே வாங்கினார்கள். பஸ் வந்தது, மாலை போட்டோம், தேங்காய் உடைத்தோம்.

நாலே மாதத்தில் கியர் பெட்டி போயிற்று. பேசிய சம்பளம் கிடைக்காமல் டிரைவர் வேலையை விட்டுப் போனார். அரசாங்கத் தேர்வு நாளில் எங்கள் பிள்ளைகள் பால் லோரியில் ஏறித்தான் போனார்கள். அவர்களில் ஒருத்தி, ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் மகள், முதல் தாளுக்கு அரைமணி நேரம் பிந்திவிட்டாள். மறுநாள் பிரட்டில் அவள் தாய் என்னிடம் வந்து, "கிராணி ஐயா, அந்த பஸ்ஸை யாருங்க பார்த்து வாங்கினது?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தத் தாயின் கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது. பொதுப் பணத்தைக் கொடுப்பவர் ஒருவர். அதைக் கொண்டு பஸ் வாங்குபவர் இன்னொருவர். அதில் ஏறுபவர் மூன்றாமவர். இந்த மூவருக்கும் இடையில் என்ன சட்டம் இருக்க வேண்டும்? இதை நீண்ட காலமாக எழுதி, அடித்து, திருத்தி வரும் நாடு அமெரிக்கா. அந்த நாட்டு முதலாளித்துவத்துக்குக் காவடி எடுக்க நான் வரவில்லை. ஆனால், நல்ல ஏற்பாடு எங்கிருந்தாலும் பாட்டாளி அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் அல்லவா?

அங்கே நகர பஸ்களை நடத்துவது நகரங்களும் வட்டாரங்களும் அமைத்த நிர்வாகங்கள். பஸ், ரயில், பணிமனை ஆகியவற்றுக்கான பணத்தில் பெரும் பங்கு வாஷிங்டனிலிருந்து வருகிறது. இத்தகைய செலவில் நூற்றுக்கு 80 வரை பொதுவாக மத்திய அரசாங்கம் கொடுக்கலாம். லிண்டன் ஜான்சன் ஜனாதிபதியாக இருந்தபோது 1964-ல் வந்த நகரப் பொதுப் போக்குவரத்துச் சட்டமே இதற்கு அடித்தளம்.

"ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்பது பழமொழி. பிறர் பணம் என்றால் கை தாராளமாகும். ஆகவேதான் மானியத்தோடு கொள்முதல் விதிகளையும் சேர்த்தே அனுப்புகிறார்கள்.

அந்த விதிகளில் நமக்கு விளங்கக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன். போட்டி முழுமையாகவும் திறந்ததாகவும் இருக்க வேண்டும். முத்திரையிட்ட டெண்டர் முறை என்றால், முன்பே விளம்பரம் செய்து, குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் பலரறியத் திறக்க வேண்டும். ஒரே கம்பெனியின் சரக்கைப் பெயர் சொல்லி அதுதான் வேண்டும் என்று கேட்கக் கூடாது. "அல்லது அதற்கு இணையானது" என்று வழிவிட வேண்டும். தேவை என்ன என்று எழுதிக் கொடுத்த கண்டிராக்டரே அந்த வேலைக்கு டெண்டர் போடக் கூடாது. கொட்டேஷன் போதும் என்னும் சிறிய கொள்முதலாகக் காட்டுவதற்காகப் பெரிய கொள்முதலைத் துண்டு துண்டாக வெட்டக் கூடாது. வாங்கும் அதிகாரி விற்பவரிடம் அன்பளிப்புப் பெறக் கூடாது. அவருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ அந்தக் கம்பெனியில் ஆதாயம் இருந்தால் அந்தத் தேர்வில் அவர் கலந்துகொள்ளக் கூடாது.

இன்னும் இரண்டு விதிகள் என் மனத்தைக் கவர்ந்தன. ஒன்று, பெரிய கொள்முதலில் டெண்டர்கள் வருவதற்கு முன்பே வாங்குபவர் தாமாக ஒரு மதிப்புப் போட்டு எழுதி வைக்க வேண்டும். ஒரு பஸ் என்ன விலை பெறும் என்று எங்களில் ஒருவர் முன்கூட்டி விசாரித்து எழுதியிருந்தால், அந்த மூன்று கொட்டேஷன்களின் சாயம் அன்றே வெளுத்திருக்கும்! மற்றொன்று, ஆன செலவின் மேல் இத்தனை விழுக்காடு லாபம் என்று ஒப்பந்தம் போடுவது அங்கே தடை. காரணம் எளிது. அப்படிப் போட்டால் செலவு ஏற ஏற கண்டிராக்டருக்கு லாபமும் ஏறும். சிக்கனம் செய்பவன் நட்டப்படுவான், ஊதாரிக்கு விருந்து!

விலை குறைந்தால் போதும் என்றும் அந்தச் சட்டம் சொல்லவில்லை. டெண்டர் போட்டவர் கேட்டதைத் தரக்கூடியவரா, நேர்மையானவரா, முன்பு எப்படி நடந்துகொண்டார், பண வசதியும் தொழில் வசதியும் உண்டா என்று பார்க்க வேண்டும். பஸ், ரயில் வண்டி வாங்கும்போது முதல் நாள் விலையை மட்டும் பாராமல், வண்டியின் ஆயுள் முழுவதும் ஆகும் செலவையும் அதன் உழைப்பையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தப் பாடம் இலவசமாக வரவில்லை. 1980-ன் இறுதியில் நியூயார்க் நகரத்தில் புது பஸ்களின் அடிச்சட்டத்தில் வெடிப்புகள் காணப்பட்டன. பஸ்களை நிறுத்தினார்கள், பழுது பார்த்து ஓட்டினார்கள், மறுபடியும் தொல்லை. 1984-ல் எண்ணூறுக்கும் மேற்பட்ட அந்த பஸ்களை நகரம் ஒதுக்கியே விட்டது. இத்தகைய அனுபவங்களுக்குப் பின் 1987-ல் ஒரு சட்டம் வந்தது. புது மாதிரி பஸ்ஸை மத்திய அரசாங்கப் பணத்தில் வாங்க வேண்டுமானால் முதலில் அதைச் சோதனைக்கு விட வேண்டும். பென்சில்வேனியா மாநிலத்தில் ஆல்டூனா என்ற ஊரில் இதற்கென்றே சோதனைக் களம் இருக்கிறது. பஸ்ஸை ஓட்டி, குலுக்கி, எது உடைகிறது என்று பார்க்கிறார்கள். 2016 முதல் மதிப்பெண் போட்டுத் தேர்ச்சியா தோல்வியா என்றும் சொல்லிவிடுகிறார்கள். அதாவது, பஸ் பரீட்சை எழுதுகிறது. நம் தோட்டத்திலோ பஸ் பரீட்சை எழுதாததால் பிள்ளை பரீட்சைக்குப் பிந்தினாள்!

இனி, தொழிலாளிக்கு வருவோம். கொள்முதல் என்றால் அதிகாரிகளின் காரியம், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். டெண்டரில் விலை எப்படிக் குறைகிறது? இரும்பின் விலையை ஒரு கண்டிராக்டர் குறைக்க முடியுமா? எண்ணெயின் விலையைக் குறைக்க முடியுமா? அவர் கைக்கு எட்டுவது ஒன்றே ஒன்று. அது கூலி! ஆகவே, கூலிக்கு வேலி போடாத டெண்டர், கூலியைக் குறைக்கும் போட்டியாகவே முடியும்.

அந்த வேலியை அமெரிக்கத் தொழிலாளர் போட வைத்தார்கள். 1931-ல் வந்த டேவிஸ்-பேக்கன் சட்டம் அரசாங்கக் கட்டட வேலையில் அந்த வட்டாரத்து வழக்கக் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்றது. போக்குவரத்து மானியத்தில் கட்டும் நிலையத்துக்கும் பணிமனைக்கும் இந்த விதி பொருந்தும். 2,000 டாலருக்கு மேற்பட்ட கட்டுமான ஒப்பந்தத்தில் இதை எழுதியாக வேண்டும்.

அதைவிடப் பெரியது 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13(சி) பிரிவு. அன்று நொடித்துப்போன தனியார் பஸ் கம்பெனிகளை மத்திய அரசாங்கப் பணத்தில் நகரங்கள் வாங்கிக்கொண்டிருந்தன. பல மாநிலங்களில் அரசாங்க ஊழியர்களுக்குக் கூட்டாகப் பேரம் பேசும் உரிமை இல்லை. கம்பெனி கைமாறினால் டிரைவரின் ஒப்பந்தமும் பென்ஷனும் சங்கமும் ஒரே நாளில் காற்றில் பறந்துவிடும் என்ற நிலை. அதைத் தடுக்கவே இந்தப் பிரிவு. இருக்கிற ஒப்பந்த உரிமைகள் நிலைக்க வேண்டும். பேரம் பேசும் உரிமை தொடர வேண்டும். தொழிலாளியின் நிலை மோசமாகக் கூடாது. வாங்கப்பட்ட கம்பெனியின் ஆட்களுக்கு வேலை உறுதி வேண்டும். இவற்றுக்கு நியாயமான ஏற்பாடு இருக்கிறது என்று தொழிலாளர் இலாகா சான்று கொடுத்த பிறகே மானியம் போகும்.

இது வெறும் எழுத்தல்ல. 1982-ல் ஜார்ஜியா மாநிலம் அட்லாண்டா நகரப் போக்குவரத்துத் தொழிலாளரின் பேர உரிமையைக் குறைத்து ஒரு சட்டம் போட்டது. அப்படியிருந்தும் தொழிலாளர் இலாகா மானியத்துக்குச் சான்று கொடுத்தது. சங்கம் வழக்குப் போட்டது. பேர உரிமை தொடராத இடத்துக்குச் சான்று தரும் அதிகாரம் அமைச்சருக்கு இல்லை என்று 1985-ல் வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சட்டம் தூங்கியது, சங்கம் அதைத் தட்டி எழுப்பியது!

எதிர்த் தரப்பையும் கேட்க வேண்டும். "இத்தனை விதி போட்டால் பஸ் வர ஆண்டுக் கணக்காகும், விலையும் ஏறும்" என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. பத்து பஸ் ஓட்டும் சிற்றூர் நிர்வாகத்துக்கும் பெருநகருக்கும் பெரும்பாலும் ஒரே மூட்டைக் காகிதம்தான். மானியத்தில் வாங்கும் பஸ்ஸின் உறுப்புகளில், மதிப்பால், நூற்றுக்கு 70-க்கு மேல் உள்நாட்டில் செய்ததாக இருக்க வேண்டும், கடைசிப் பூட்டுவேலையும் அங்கேயே நடக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. இதனால் தொழிற்சாலை வேலை காப்பாற்றப்படுகிறது. ஆனால், விற்பவர் தொகை சுருங்குகிறது. 2023-ல் ஒரு பெரிய பஸ் கம்பெனி அமெரிக்க உற்பத்தியை விட்டு விலகுவதாக அறிவித்தபோது, பெரிய நகர பஸ் செய்யும் முக்கிய கம்பெனிகளாக இரண்டே மிஞ்சும் நிலை வந்தது. இருவர் மட்டும் ஓடினால் அது பந்தயமா? முன்கூட்டியே தவணையாகப் பணம் கொடுக்கவும், விலைவாசிக்கேற்பத் திருத்தம் செய்யவும் இடம் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள் என்று 2024-ல் மத்திய நிர்வாகமே நகரங்களுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆகவே, விதி கூடக்கூட நன்மை கூடும் என்று நான் சொல்லவில்லை. பால்மரத்தில் வெட்டு ஆழமானால் மரம் புண்ணாகும். மேலோட்டமானால் பால் வராது. அளவறிந்து வெட்டுபவரே தொழிலாளி. விதியும் அப்படித்தான். ஆனால், "விதி வேண்டாம்" என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்று: விதியில்லாத அவசரத்தில் மிச்சமான பணம் யார் பைக்குப் போயிற்று?

மலேசியாவில் அரசாங்கக் கொள்முதல் மசோதாவை மக்களவை 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. அதற்கு முன் நிதியமைச்சின் கட்டளைகளும் சுற்றறிக்கைகளுமே பெரும்பாலும் வழிகாட்டின. பொது ஒப்பந்த வேலையில் கூலி அத்தொழிலின் வழக்கத்துக்குக் குறையக் கூடாது என்று உலகத் தொழிலாளர் ஸ்தாபனம் 1949-லேயே 94-ஆம் உடன்படிக்கை செய்திருக்கிறது. நம் சங்கக் கிளைகள் இவற்றை எடுத்து வைத்துப் படிக்க வேண்டும். படித்து, பள்ளி பஸ்ஸானாலும் தோட்டப் பாதையானாலும், பொது மானியம் வரும் ஒவ்வொரு காரியத்திலும் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

ஒன்று: டெண்டர் எல்லாருக்கும் தெரியும்படி அறிவிக்கப்பட்டதா?

இரண்டு: விலை வருமுன் நம் பக்கத்தில் மதிப்புப் போட்டது யார்?

மூன்று: தேர்ந்தெடுத்த காரணம் எழுத்தில் இருக்கிறதா? அதைப் பயணியும் தொழிலாளியும் பார்க்கலாமா?

நான்கு: டிரைவரின் கூலியும் சங்க உரிமையும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கின்றனவா?

கிராணித் தோழர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. காகிதத்தை முதலில் பார்ப்பவர்கள் நாம். "நான் வெறும் கிராணி, மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று நானும் சொன்னவன்தான். ஒரே எழுத்துப் பிழையை மூன்று தாளில் கண்டும் பேசாதிருந்தேன். அன்று நான் ஒரு வாய்ச்சொல் சொல்லியிருந்தால், ஒருவேளை அந்தப் பெண் நேரத்துக்குத் தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்திருப்பாள்.

பால்வெட்டுத் தோழர்களே, நீங்களும் கேளுங்கள். பொதுப் பணம் யாரோ தரும் தர்மமல்ல. நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பொருளின் வரியிலும் சேர்ந்த உங்கள் வெள்ளி அதில் இருக்கிறது. "யாருங்க பார்த்து வாங்கினது?" என்று அந்தத் தாய் பஸ் கெட்ட பிறகு கேட்டார். நாம் அதே கேள்வியை பஸ் வாங்குமுன் கேட்போம்!