பீரோச் சாவியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்!

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்றால் இன்று நினைவுக்கு வருவது தொழிற்சாலைகள்தான். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ம் ஆண்டு ஹூண்டாய் கார் தயாராகத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ம் ஆண்டு ரெனோ-நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது.

அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். கருவிகளைப் பூட்டியே வைத்திருந்தால் ஒரு கார்கூட வெளியே வராது. கருவியை எழுதிக்கொண்டு கொடுக்க வேண்டும். எழுதிக்கொண்டு திரும்ப வாங்க வேண்டும். தேய்ந்து போனால் வேறு வாங்க வேண்டும்.

பள்ளிக்கூடத்துப் புத்தகமும் அப்படித்தான். ஆனால், பல பள்ளிகளில் நடப்பது என்ன? புத்தகங்கள் பீரோவுக்குள் தூங்குகின்றன!

இதில் ஆசிரியரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. தனி நூலகர் இல்லாத பள்ளியில், பாடம் நடத்துகிற ஆசிரியரே புத்தகங்களுக்கும் பொறுப்பு. ஒன்று காணாமல் போனால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே, பூட்டுவதே பத்திரம் என்று நினைக்கிறார்.

இதற்கு வழி உண்டு. வகுப்புக்கு இரண்டு மாணவர்களை நூலகத் தொண்டர்களாக வையுங்கள். மாதம் ஒருமுறை ஆளை மாற்றுங்கள். மதிய இடைவேளையில் அரை மணி நேரம் போதும்.

அவர்கள் செய்ய வேண்டியது என்ன? புத்தகத்துக்கு எண் போட வேண்டும். யார் எடுத்தார், என்று எடுத்தார், என்று திருப்பினார் என்று நோட்டில் எழுத வேண்டும். கிழிந்த தாளை ஒட்ட வேண்டும். அட்டை போட வேண்டும். அவ்வளவுதான்.

"படிப்பு கெட்டுவிடாதா?" என்று பெற்றோர் கேட்கலாம். கெடாது. கணக்கு வைக்கவும், பொறுப்போடு நடக்கவும் கற்றுக்கொள்வதும் படிப்புதான்.

இன்னொரு நன்மையும் உண்டு. எந்தத் தோழன் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான் என்பது உடன் படிக்கும் பிள்ளைக்குத் தெரியும். அவன் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளும்படி சின்னப் புத்தகமாக எடுத்துக் கொடுப்பான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் குழந்தைகளும் இங்கே படிக்கிறார்கள். அவர்களுக்குப் படப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தால் தமிழ் சீக்கிரம் பழகிவிடும்.

தமிழக அரசு 2023-ம் ஆண்டு வாசிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறு புத்தகங்களைப் பள்ளிகளுக்குத் தந்தது. நல்ல ஏற்பாடு! ஆனால் புத்தகம் பீரோவை விட்டு வந்தால்தானே குழந்தை நுழையும், நடக்கும்?

இந்திய நூலகத் துறையின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர். கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924-ம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931-ம் ஆண்டு நூலகத்துக்கான ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. அதே ஆண்டில் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் ஏறிப் புத்தகங்கள் கிராமங்களுக்குப் போயின!

மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போன புத்தகம், கார் செய்கிற ஊரில் பீரோவை விட்டு நகராமல் இருக்கலாமா?

தலைமை ஆசிரியர்களே! சாவியைத் தொண்டர்களிடம் கொடுங்கள்; நோட்டை வாரம் ஒருமுறை பாருங்கள்.

அதிகாரிகளே! படித்துப் படித்துக் கிழிந்த புத்தகத்துக்காக ஆசிரியரிடம் விளக்கம் கேட்காதீர்கள். ஒரு பக்கம்கூடக் கசங்காத புத்தகத்தைக் கண்டால் கேளுங்கள்.

தாய்மார்களே! பிள்ளை கொண்டுவரும் கதைப் புத்தகத்தை, "பாடப் புத்தகம் இல்லையே" என்று ஒதுக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவன் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் வாய்விட்டுப் படியுங்கள். இருவருக்கும் படிப்பு வளரும்!