"அதுங்களுக்கு எல்லாம் தெரியும்"

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுவாரம், பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுக்க வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பையனும் அவன் அப்பாவும். கவுன்சிலிங் அப்ளிகேஷன் போட வந்திருந்தார்கள்.

"மெயில் ஐடி சொல்லு தம்பி" என்றார் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அக்கா.

"ஃபோன்ல இருக்குக்கா."

"பாஸ்வேர்டு?"

"தெரியாதுக்கா. ஃபோன் வாங்குறப்ப கடைக்கார அண்ணன் போட்டுக் குடுத்தாரு."

அக்கா பெருமூச்சு விட்டுப் புது ஐடி ஒன்றை உருவாக்கி, பாஸ்வேர்டை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். அடுத்தது கம்யூனிட்டி சர்டிபிகேட். பையன் அதை ஃபோனில் படம் பிடித்து வைத்திருந்தான், கட்டைவிரல் நிழலோடு. சைஸ் அதிகம் என்று வெப்சைட் வாங்க மறுத்தது. "சைஸ்னா நீளமாக்கா?" என்று கேட்டான். அக்கா தலையிலடித்துக்கொள்ளாத குறை.

அப்பா என் பக்கம் திரும்பிப் பெருமையாகச் சொன்னார்: "ஃபோன்ல இவனுக்குத் தெரியாததே இல்ல சார். நமக்குத்தான் ஒண்ணும் தெரியாது."

என் சண்டை அந்த அப்பாவோடு அல்ல. அவர் வாயில் வந்த அந்த வாக்கியத்தோடுதான். வீட்டில், கல்யாணப் பந்தியில், ஆசிரியர் அறையில், மேடையில், எங்கும் அதைக் கேட்கிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வருகிறார்களாம். நாம் சொல்லிக்கொடுக்க ஒன்றும் மிச்சமில்லையாம். இதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லைப் புழக்கத்தில் விட்டவர் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்கர். 2001-இல் எழுதிய கட்டுரையில் பிள்ளைகளை டிஜிட்டல் உலகின் மண்ணின் மைந்தர்கள் என்றும், பெரியவர்களை அங்கே பிழைக்க வந்த வெளியூர்க்காரர்கள் என்றும் பிரித்தார். கேட்கச் சுவையாக இருந்ததால் ஊரெல்லாம் பரவியது.

2018-இல் பல நாடுகளின் எட்டாம் வகுப்பு மாணவர்களைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து, ஐசிஐஎல்எஸ் என்ற சர்வதேச ஆய்வில் சோதித்தார்கள். டென்மார்க், கொரியா, அமெரிக்கா எல்லாம் அதில் உண்டு. மேல்நிலையைத் தொட்டவர்கள் நூற்றுக்கு 2 பேர். அடிநிலையைக்கூட எட்டாதவர்கள் 18 பேர். கருவியோடு வளர்ந்தால் மட்டும் திறமை வந்துவிடாது என்று ஆய்வாளர்கள் வெளிப்படையாகவே எழுதினார்கள்.

நம் நாட்டுக் கதைக்கு, 14 முதல் 18 வயதுக் கிராமப்புறப் பிள்ளைகளைப் பற்றிய அசர் என்ற கல்வி ஆய்வின் 2023 அறிக்கை இருக்கிறது. பிள்ளைகளை ஸ்மார்ட்ஃபோன் கொண்டுவரச் சொல்லி, அதில் நேரிலேயே செய்யச் சொல்லிப் பார்த்தார்கள். யூடியூப் வீடியோவைத் தேடி எடுத்தவர்களில் பெரும்பாலோர் அதை இன்னொருவருக்கு அனுப்பிவிட்டார்கள். கூகுள் மேப்பில் ஓர் இடத்துக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று பார்க்கச் சொன்னால், தேறியவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். சமூக ஊடகத்தில் இருப்பவர்களில் பாதிப் பேருக்குத்தான் பாதுகாப்பு அமைப்புகளைப் பற்றித் தெரிந்திருந்தது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இரண்டு வயதுக் குழந்தை திரையைத் தள்ளித் தள்ளி வீடியோ பார்க்கிறது என்றால் அது குழந்தையின் கெட்டிக்காரத்தனம் அல்ல, அந்த ஆப்பைச் செய்தவனின் கெட்டிக்காரத்தனம். ஒன்றும் தெரியாதவரும் உள்ளே வந்து வெளியே போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே அவன் சம்பளம் வாங்குகிறான். சுவிட்சைத் தட்டி லைட் போடுகிறவரையெல்லாம் நாம் எலக்ட்ரீஷியன் என்று சொல்வதில்லை.

தமிழில் டைப் அடிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. இடக்கைப் பக்கம் உயிரெழுத்து, வலக்கைப் பக்கம் மெய். "அம்மா" என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு போதும். முதல் 'ம'-வுக்குப் புள்ளி தானாக விழும். அந்த அழகைப் பார்க்கவே ஒருமுறை அடித்துப் பார்க்கலாம். நம் ஊர்ப் 'பிறவி மேதைகள்' எத்தனை பேருக்கு இது தெரியும்? ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

எங்கள் காலத்தில் தெருவுக்குத் தெரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. லோயர், ஹையர் என்று பரீட்சை உண்டு. கீழே பார்த்து அடித்தால் விரலில் ஸ்கேல் விழும். டைப்ரைட்டர் காலத்தில் பிறந்த பிள்ளைக்கு அது தானாக வரும் என்று அன்று எவரும் சொல்லவில்லை.

பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லும் இதே வாய்தான் இன்னொரு நாள் "ஃபோன் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது" என்றும் புலம்புகிறது. எல்லாம் தெரிந்தவன் எப்படிக் கெடுவான் என்று கேட்டால் பதில் வராது. மேதை என்றாலும் சரி, கெட்டுவிட்டான் என்றாலும் சரி, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டிய வேலை நமக்கு இல்லாமல் போகிறது. பள்ளிக்கும் அது வசதி. கம்ப்யூட்டர் லேபைப் பூட்டி வைத்தாலும் கேள்வி கேட்க ஆளில்லை.

இந்த வசதிக்கு விலை கொடுப்பவர்கள் பிள்ளைகள்தான். கமிஷன் தருகிறேன் என்று எவனோ சொன்னதை நம்பித் தங்கள் பேங்க் அக்கவுண்டைக் கொடுத்துவிட்டு, மோசடிப் பணம் அதில் புரண்டதால் கல்லூரிப் பிள்ளைகள் போலீஸில் மாட்டிக்கொள்ளும் செய்திகள் வருகின்றன. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போட வேண்டியதில்லை என்பதும், பணம் பறிபோனால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும் என்பதும் எந்தப் பிள்ளைக்கும் பிறவியிலேயே தெரிந்துவிடாது.

பிரவுசிங் சென்டரில் ஒருவழியாக அப்ளிகேஷன் முடிந்தது. துண்டுத்தாளை அப்பா நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசல்வரை போன பையன் திரும்பி வந்தான்.

"அக்கா, அந்த சைஸைக் குறைச்சீங்களே, அது எப்படிக்கா?"

அக்கா நிமிர்ந்து பார்த்தார். வரிசையில் அடுத்தது நான். நேரமாகிறதே என்று அவசரமாக என் பென் டிரைவை நீட்டினேன்.