ஒரே தெருவில் இரண்டு பத்தாம் நம்பர்

வடக்கே சரயு நதிக் கரையில் ஓர் அயோத்தி இருக்கிறது. சேலத்துக்குக் கிழக்கே, கோதண்டராமர் கோயிலோடு நம்முடைய அயோத்தியாப்பட்டணம் இருக்கிறது. பெயர் ஒத்துப் போனாலும் தபால் இலாகா குழம்புவதில்லை. 1972-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி வந்த பின்கோடு அதற்குக் கைகொடுக்கிறது. வடக்கு அயோத்தியின் எண் 2-ல் ஆரம்பிக்கும், நம்முடையது 6-ல்.

உங்கள் வீட்டு வைஃபைக்குள்ளும் இப்படி ஒரு தபால் இலாகா நடக்கிறது. அங்கே விலாசம் குழம்பினால் குடும்பமே குழம்பிப் போகும். எப்படி என்கிறீர்களா?

அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது; படுத்த படுக்கை. மகனுக்கு வெளியூரில் உத்தியோகம். மருமகள் தினமும் சேலத்துக்கு பஸ் ஏறி, வேலை முடிந்து மாலை ஆறு மணிக்குத் திரும்புகிறாள். பகலில் துணைக்கு ஓர் அம்மாள் வருகிறாள். பெங்களூரில் இருக்கும் நாத்தனார், அம்மாவைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டும் என்று அறையில் ஒரு காமிராவைப் பொருத்திவிட்டுப் போயிருக்கிறாள்.

பகல் முழுவதும் படம் தெளிவாகத் தெரிகிறது. மருமகள் வீட்டுக்குள் கால் வைத்ததும் நின்று போகிறது! காலையில் அவள் பஸ் ஏறியதும் திரும்பி வந்துவிடுகிறது. நாலு நாள் இதைக் கவனித்தால் நாத்தனாருக்கு என்ன தோன்றும்? "அண்ணி வேணும்னே நிறுத்தி வைக்கிறாங்களோ?" என்றுதானே? மருமகளோ காமிராவைத் தொட்டதுகூட இல்லை.

குற்றவாளி வேறு யாருமல்ல. அவள் கைப்பையில் இருக்கும் போன்தான்!

வைஃபையில் சேரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் எண் வேண்டும். அதை ஐ.பி. விலாசம் என்கிறார்கள். இன்றும் பெரும்பாலான வீடுகளில் புழங்கும் இந்த முறை 1981-ல் வகுக்கப்பட்டது. அதில் மொத்தம் சுமார் 430 கோடி எண்கள்தான் உண்டு. உலகத்துக்கு அது போதாது என்று தெரிந்ததும், வீட்டுக்குள்ளும் ஆபீசுக்குள்ளும் மட்டும் புழங்க 1994-ல் சில எண்களை ஒதுக்கினார்கள். 192.168 என்று ஆரம்பிப்பவை அந்த வகை. உங்கள் வீட்டிலும் அடுத்த வீட்டிலும் 192.168.1.10 இருந்தால் தோஷமில்லை. தெருவுக்குத் தெரு பத்தாம் நம்பர் வீடு இருப்பதில்லையா? ஒரே தெருவில் இரண்டு பத்தாம் நம்பர் இருந்தால்தான் தபால்காரர் திண்டாடுவார்.

இந்த எண்களை வழங்குவது ரௌட்டர் என்னும் பெட்டி. லாட்ஜ் மானேஜர் அறைச் சாவி கொடுப்பது போல, யார் வந்தாலும் காலியாக உள்ள எண்ணைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கும். நம் கதையில் காமிராவைப் பொருத்தியவர், மானேஜரிடம் சொல்லாமல் பத்தாம் எண்ணை அதில் நிரந்தரமாக எழுதிவிட்டார். பதிவேட்டில் பத்து காலி! மாலையில் போன் வந்தது. பத்து அதற்குக் கிடைத்தது. "இந்த எண்ணில் யாராவது இருக்கிறீர்களா?" என்று முன்கூட்டியே விசாரிப்பதற்கு 2008-ல் விரிவான விதி எழுதியிருக்கிறார்கள். ஆனால் எல்லாச் சாதனங்களும் அதைக் கடைப்பிடிப்பதில்லை.

கண்டுபிடிப்பது சுலபம். போனில் வைஃபையை மட்டும் அணைத்துவிட்டுச் சில நிமிஷம் பொறுங்கள். படம் திரும்பினால் எண் தகராறாக இருக்கலாம். போனில் வைஃபை விவரங்களைத் திறந்தால் அதன் எண் தெரியும். காமிராவின் செட்டிங்கில் அதன் எண் தெரியும். இரண்டும் ஒன்றானால் சந்தேகமே வேண்டாம்.

ரௌட்டரை அணைத்துப் போட்டால் தற்காலிகமாகச் சரியாகலாம், மறுபடியும் வரும். நிரந்தரப் பரிகாரம், காமிராவில் கையால் எழுதிய எண்ணை நீக்கி, தானாகவே எண் வாங்கிக்கொள்ளும்படி மாற்றுவது. எண் மாறக்கூடாது என்றால், ரௌட்டரிலேயே அதைக் காமிராவின் பெயருக்கு ரிசர்வ் செய்துவிடலாம். பிரிண்டருக்கும் இதே வைத்தியம்தான்.

மாடிக்கு சிக்னல் எட்டவில்லை என்று இரண்டாவது ரௌட்டர் வாங்கி, முதல் பெட்டியோடு ஒயரால் இணைத்த வீடுகளில் இன்னொரு வம்பு உண்டு. இரண்டு மானேஜர்கள், இரண்டு பதிவேடுகள்! இரண்டாவது பெட்டியை 'அக்சஸ் பாயின்ட்' என்ற முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். அது சிக்னலை மட்டும் பரப்பும். எண் வழங்கும் அதிகாரம் கீழ்ப் பெட்டியிடமே இருக்கும்.

எல்லாச் சாதனங்களும் ஒரேயடியாக நின்று போனால் கம்பெனிக்காரரைக் கூப்பிடுங்கள். ஒன்று வந்தால் ஒன்று போகிறது என்றால், புது ரௌட்டருக்குப் பணம் எடுக்கும் முன் எண்களைப் பாருங்கள்.

அப்புறம் ஒரு வேலை. காமிரா சரியானதும் மறக்காமல் பெங்களூருக்குப் போன் போட்டு, நடந்தது என்ன என்று நாத்தனாருக்கு விளக்கிச் சொல்லிவிடுங்கள். படம் மட்டும் திரும்பி வந்தால் போதுமா?