பனிமனிதனுக்கு இங்கே என்ன வேலை?

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதி. அப்போது நான் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மாணவி. சனிக்கிழமை காலைகளில் தோழியர் மூவரோடு கிள்ளானுக்குச் சென்று, ஒரு குடியிருப்பின் சமூக மண்டபத்தில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தேன். மொத்தம் பதினெட்டுப் பிள்ளைகள். பெருந்தொற்றுக் காலத்தில் பாலர் பள்ளியைக் கைத்தொலைபேசித் திரையிலேயே கழித்தவர்கள். சிலருக்குப் பென்சிலைப் பிடிக்கவே சிரமம்.

ஒரு சனிக்கிழமைக்கு என்ன பாடம் செய்வது என்று தெரியாமல், முதல் நாள் இரவு இணையத்தில் தேடி ஒரு பயிற்சித்தாளை எடுத்தேன். அமெரிக்க முதல் வகுப்புக்கென்று யாரோ ஓர் ஆசிரியை அழகாகச் செய்தது. ஆங்கில வரிகளை அழித்துவிட்டுத் தமிழில் தட்டச்சு செய்தேன். “டிசம்பர் வந்தது. குளிர்காலம் வந்தது. உனக்குப் பிடித்தது எது? வண்ணம் தீட்டுக.” கீழே நான்கு படங்கள்: பனிமனிதன், பனிச்சறுக்கு வண்டி, கம்பளிக் கையுறை, ஆவி பறக்கும் ஒரு கோப்பை. இருபது படிகள் அச்சடித்துப் பெருமையோடு கொண்டு போனேன்.

பிள்ளைகள் மகிழ்ச்சியாகத்தான் வண்ணம் தீட்டினார்கள். “அக்கா, இவருக்கு ஏன் மூக்குல கேரட்டு?” என்று ஒரு பையன் கேட்டான். “வெயில்ல நின்னா இவருக்கு வேர்க்காதா?” என்று இன்னொருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தோம். ஒரு சிறுமி மட்டும் நான்கு படங்களையும் தொடவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எதையோ வரைந்து கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஒரு வீடு. சன்னல் வரை நீலக் கோடுகள். கோடுகளின் மேல் சாய்ந்து மிதக்கும் ஒரு பெட்டி.

“இது என்னம்மா?”

“ஐஸ் பெட்டி அக்கா. டிசம்பர்ல எங்க வீட்டுல மிதந்துச்சி.”

நான் சொன்ன பதிலை எழுதவே கூச்சமாக இருக்கிறது. “கேள்வி அது இல்லையே. முன்பக்கம் இருக்கிறதுல ஒண்ண வரைம்மா” என்றேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. அழிப்பானை எடுத்து அந்த வீட்டை அழித்தாள். பிறகு பனிமனிதனுக்கு நீல வண்ணம் பூசினாள். நானும் அந்தத் தாளில் ஒரு நட்சத்திரம் ஒட்டினேன்.

வீடு திரும்பும் இரயிலில்தான் எனக்கு உறைத்தது. 2021 டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் விடாமல் கொட்டிய மழையை நம்மில் யார் மறக்க முடியும்? ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரை மேல் ஏறி உதவிக்குக் காத்திருந்த காட்சிகளை நாடே பார்த்தது. அந்த வெள்ளப் பேரிடரில் நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதற்குள் வாழ்ந்து வெளியே வந்த ஒரு குழந்தையிடம் “டிசம்பர்” என்று எழுதிக் கொடுத்தது நான். அவளும் டிசம்பரைப் பற்றித்தான் பதில் சொன்னாள். பதில் சரியாகவே இருந்தது. என் கேள்விதான் வேறு நாட்டுக்கு உரியதாக இருந்தது.

இந்தக் கட்டுரையில் எந்தப் பள்ளியையும் எந்த ஆசிரியரையும் குறை சொல்ல நான் வரவில்லை. அந்தத் தாளை அச்சடித்தவள் நான். இப்படிப்பட்ட தாள் எப்படி நம் கைக்கு வருகிறது என்பதை மட்டும் எண்ணிப் பார்ப்போம். ஆசிரியருக்கு வேலைப்பளு அதிகம். இணையத்தில் முதல் வகுப்புக்கென்று தேடினால், குளிர்காலத் தாள்கள் ஆயிரக்கணக்கில் வந்து விழுகின்றன. அழகானவை, இலவசமானவை. தமிழில், நம் ஊர் வானிலையைப் பற்றித் தேடினால் கைக்கு எட்டுவது சொற்பம். இருப்பதைத்தானே எடுத்துக் கொடுக்க முடியும்?

அந்தத் தாளைச் செய்த ஆசிரியை மீதும் குற்றமில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் முதல் வகுப்பு அறிவியலில், நாளும் பருவமும் மாறுவதைப் பற்றி ஒரு தனிப்பகுதியே உண்டு. தொரொன்டோவில் வாழும் தமிழ்க் குழந்தைகளும் அதைப் படிக்கிறார்கள். சன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது. காலையில் காலணி மாற்றும்போதே பாடம் தொடங்கிவிடுகிறது. ஒரு கிண்ணம் பனியை உள்ளே கொண்டுவந்து உருகவிட்டால் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளக்கலாம். கம்பளி ஆடை ஏன் சூட்டைக் காக்கிறது, பறவைகள் எங்கே போயின என்று கேட்கலாம். அந்தப் பிள்ளைக்குப் பனி என்பது கையில் பட்ட பொருள். கையில் பட்ட பொருளுக்குச் சொல் கிடைக்கிறது. சொல் கிடைத்த பிறகு கேள்வி பிறக்கிறது.

நாம் அவர்களிடமிருந்து எடுத்துக் கொண்டது படத்தை மட்டும். எடுத்திருக்க வேண்டியது முறையை. சன்னலுக்கு வெளியே பார், தொட்டுப் பார், அள, பேர் வை என்பதுதான் அந்த முறை.

நம் சன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது? கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ மூன்று பாகையில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே அரை மணி நேர வேறுபாடுகூட இல்லை. ஆண்டில் இரு முறை, மார்ச்சு இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும், நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே வருகிறது. அன்று திடலில் நிற்கும் பிள்ளையின் நிழல் அவன் காலடியிலேயே ஒளிந்துகொள்ளும். ஒன்டாரியோப் பிள்ளைக்கு அவன் ஊரில் கிடைக்காத பாடம் அது. நாம் அதை நடத்துகிறோமா?

பருவங்களும் நமக்கு உண்டு. நவம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்குப் பருவக்காற்று. மே இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. இரண்டுக்கும் இடையில் ஏப்ரல், அக்டோபர் மாதங்களை ஒட்டி, மாலை நேரங்களில் இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்க்கும் மழை. வறண்ட மாதங்களில் சில ஆண்டுகள் புகைமூட்டம். 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசரகாலமே அறிவிக்கப்பட்டது. கடல்நீர் ஏறும் நாள்களில் கிள்ளான் கரையோரத்து வீடுகளுக்குள் தண்ணீர் எட்டிப் பார்க்கும். இவை போதாதென்று டுரியான் பருவம் வேறு. ஏழு வயதுப் பிள்ளையின் மூக்குக்கே தெரிந்த பருவம் அது!

ஊர்ப் பெயர்களைக் கேட்டாலும் மழையும் ஆறும் பேசும். கோலாலம்பூர் என்றால் சேற்று நதிகள் கூடுமிடம். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கலக்கும் இடத்தில் பிறந்த ஊர். 1881ஆம் ஆண்டு தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன அந்தச் சிறு பட்டணத்தை அழித்தன. அதன் பிறகு செங்கல்லால் கட்ட வேண்டுமென்று முடிவாயிற்று. அந்தச் செங்கல் சூளைகள் இருந்த இடம்தான் இன்று நாம் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போகும் பிரிக்பீல்ட்ஸ். 2007இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கம் 9.7 கிலோமீட்டர் நீளம். வெள்ள நீரை நகரத்துக்கு அடியில் கடத்திவிடுவதற்காகவே தோண்டப்பட்டது. மழையோடு மல்லுக்கட்டி வளர்ந்த ஒரு நகரத்தின் பிள்ளைக்கு, மழையைப் பற்றி நாம் கொடுக்கும் பயிற்சித்தாள் எங்கே?

மொழிப் பக்கமும் பார்க்க வேண்டும். தூறல், சாரல், அடைமழை, இடி, மின்னல், வெள்ளம், ஈரம், சேறு, வடிகால் என்று மழையைச் சுற்றி மட்டும் தமிழில் எத்தனைச் சொற்கள்! கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அரிதாக வானத்திலிருந்து பனிக்கட்டி விழுவதுண்டு. அதற்கும் ஆலங்கட்டி என்று தமிழில் தனிச்சொல் இருக்கிறது. என் வகுப்புப் பிள்ளைகளில் பலருக்கு ‘பனிச்சறுக்கு’ என்ற சொல் என் தாளால் தெரிந்துவிட்டது. ‘தூறல்’ யாருக்கும் தெரியவில்லை. “ரெய்ன் கொஞ்சமா வருது” என்றுதான் சொன்னார்கள். நாள்தோறும் நனைகிற மழைக்கே தமிழ்ச்சொல் கொடுக்காமல், வாழ்நாளில் பார்க்காத பனிக்குச் சொல் கொடுத்து என்ன பயன்?

இங்கே தமிழார்வலர்களாகிய நாமும் நம்மைக் கொஞ்சம் கிள்ளிப் பார்த்துக்கொள்ள வேண்டும். “அமெரிக்கக் குளிர்காலம் வேண்டாம், நம்முடைய ஆறு பருவங்களைச் சொல்லிக் கொடுப்போம்” என்று சிலர் உடனே கிளம்பக்கூடும். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று தொல்காப்பியம் வகுத்த பருவங்கள் தமிழகத்து நிலத்தைக் கூர்ந்து பார்த்தவர்கள் கண்டறிந்தவை. அவற்றை நம் பிள்ளைகள் அறியத்தான் வேண்டும், இலக்கியம் படிக்கும் வயதில். ஆனால் கிள்ளானில் வியர்த்துக் கொட்டும் ஒரு சனவரி மதியத்தில், “மார்கழிக் குளிர் உடலை நடுக்கியது” என்று கட்டுரை எழுதவைப்பதும் பனிமனிதனுக்கு வண்ணம் தீட்டுவதும் ஒன்றுதான். இரண்டிலும் பிள்ளை கற்றுக்கொள்வது ஒரே பாடம்: எழுத்து என்பது வேறு, வாழ்க்கை என்பது வேறு. அந்தப் பாடத்தை ஏழு வயதில் கற்றுவிட்டால், பிற்பாடு எத்தனைப் போட்டிகள் வைத்தாலும் அந்தப் பிள்ளையிடமிருந்து உண்மையான ஒரு வாக்கியம் வராது.

“அப்படியானால் பிள்ளைகள் உலகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நன்றாகத் தெரிந்துகொள்ளட்டும். பனிநாட்டுக் கதைகளை வாசித்துக் காட்டுவோம். தொரொன்டோவில் இருக்கும் அத்தை அனுப்பும் படத்தைக் காட்டி, அங்கே ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று பேசுவோம். ஆனால் தன் ஊர் மழையை அளந்து பார்த்த பிள்ளைதான் பிறர் ஊர்ப் பனியைப் பற்றி நல்ல கேள்வி கேட்கும். அண்மையிலிருந்து சேய்மைக்குப் போவதுதான் வழி.

“தேர்வுக்கு இதெல்லாம் வருமா?” என்பது அடுத்த கேள்வி. 2019 முதல் ஆண்டு 1 முதல் 3 வரையிலான மாணவர்களுக்குத் தேர்வுகள் நீக்கப்பட்டு, வகுப்பறை மதிப்பீடு வந்துவிட்டது. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் போய்விட்டது. செய்து பார்த்துக் கற்பதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு நமக்கு வராது.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் பயிற்சித்தாள் கொண்டு போகவில்லை. ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டிகளின் கழுத்தை அறுத்து, கழுத்தைத் தலைகீழாகப் புட்டிக்குள் செருகினோம். அடியில் கூழாங்கல் போட்டு, கற்கள் மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்திலிருந்து மேல்நோக்கி அளவுகோல் தாளை ஒட்டினோம். மழைமானி ஆயிற்று. வாரந்தோறும் பிள்ளைகள் வீட்டிலிருந்து அளவைக் கொண்டு வந்தார்கள். எத்தனை விரற்கடை, எத்தனை மில்லிமீட்டர் என்று கட்டங்களில் நிறம் தீட்டினார்கள். இடி இடிக்கும் நாள்களில் மண்டபத்துக்குள் உட்கார்ந்தபடியே, மின்னலுக்கும் இடிக்கும் இடையே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினோம். மூன்று விநாடி என்றால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். தமிழில் எண்ணத் திணறிய பிள்ளைகள்கூட அன்று போட்டி போட்டு எண்ணினார்கள். இரண்டு ஐஸ் கட்டிகளில் ஒன்றைத் துணியில் சுற்றி, எது முதலில் உருகும் என்று பந்தயம் கட்டினோம். துணி சூடு தரும், அதனால் சுற்றியதுதான் முதலில் உருகும் என்று எல்லாரும் சொன்னார்கள். எல்லாரும் தோற்றார்கள். ஏன் என்று ஒரு மணி நேரம் பேசினோம்.

அந்தச் சிறுமி முதல் இரண்டு வாரம் அளவு கொண்டு வரவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. மூன்றாம் வாரம் ஒரு துண்டுத்தாளில் 31 என்று எழுதிக் கொண்டு வந்தாள். “நேத்து ராத்திரி மழை பெஞ்சிச்சி அக்கா. நான் எழுந்து போயி பார்த்தேன். தண்ணி லொங்காங்லயே ஓடிடுச்சி, மேல வரல” என்றாள். மழை பெய்தால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தூங்காமல் கிடக்கும் பிள்ளை அவள் என்று அவள் பாட்டி பின்னர்ச் சொன்னார். அச்சம் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அன்று அவள் எழுந்து போய்ப் பார்த்திருக்கிறாள். பார்த்ததை எண்ணாக எழுதியிருக்கிறாள். அதைத் தமிழில் சொல்லியிருக்கிறாள். கல்வி என்று நாம் சொல்வது இதைத்தானே?

1816இல் பினாங்கில் ஒரு வகுப்பாகத் தொடங்கிய மலேசியத் தமிழ்க்கல்வி இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது. இன்று நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றைக் காப்போம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்குவதோடு, பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களாகிய நாம் ஒரு சிறு வேலையையும் செய்யலாம் என்பது என் வேண்டுகோள். நம்மில் அறிவியல் படிப்பவர் இருக்கிறார். பொறியியல் படிப்பவர் இருக்கிறார். ஓவியம் வரைபவர், கல்வியியல் படித்து ஆசிரியரான முன்னாள் மாணவர், எல்லாரும் இருக்கிறார்கள். ஒரு தவணை விடுமுறையில் கூடி உட்கார்ந்தால் பத்துப் பயிற்சித்தாள்கள் செய்துவிடலாம். மழை, இடி, நிழல், புகைமூட்டம், கடல் ஏற்றம், டுரியான் பருவம், லொங்காங்கில் ஓடும் நீர் எங்கே போகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். எளிய தமிழில், கறுப்பு வெள்ளையில், எந்தப் பள்ளியும் படியெடுத்துக் கொள்ளும்படி. நள்ளிரவில் இணையத்தில் தேடும் ஓர் ஆசிரியைக்குப் பனிமனிதனுக்குப் பக்கத்தில் அவையும் கிடைக்கட்டும்.

ஒவ்வொரு தாளின் பின்பக்கத்தையும் வெறுமையாக விட்டுவிடுவோம். பிள்ளைகளுக்கு அங்கே வரைய ஏதாவது இருக்கும்.