பேக்கப் இருக்கு, ஆனா ரீஸ்டோர் ஆகலையா? வெர்ஷன், எடிஷன் சிக்கல் என்ன?

ராயபுரத்தில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். சர்வர் படுத்துவிட்டது. நேற்று இரவு எடுத்த பேக்கப் பத்திரமாக இருக்கிறது. ஆனால் மூலையில் கிடந்த பழைய சர்வரில் ஏற்றினால், ‘முடியாது’ என்கிறது. துறைமுகத்தில் நிற்கும் கன்டெய்னருக்கு டிமரேஜ் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஏன் இப்படி?

வெர்ஷன்: இது ஒன்-வே

மைக்ரோசாஃப்ட் எஸ்.கியூ.எல். சர்வர் 2016-இல் எடுத்த பேக்கப்பை 2019-இல் ஏற்றலாம். 2019-இல் எடுத்ததை 2016-இல் ஏற்ற முடியாது. புது வெர்ஷனுக்குப் போனதுமே டேட்டாபேஸின் உள்ளமைப்பு மாறிவிடும். பழைய வெர்ஷனுக்கு அது புரியாது. ‘கம்பேட்டபிலிட்டி லெவல்’ குறைத்தாலும் பலனில்லை. டேபிள் அமைப்பையும் டேட்டாவையும் தனித்தனியாக எடுத்து ஏற்றலாம். ஆனால் அதற்கும் புது வெர்ஷன் ஓடும் ஒரு மெஷின் வேண்டும்.

எடிஷன்: அடுத்த பொறி

வெர்ஷன் ஒன்றாக இருந்தாலும் போதாது. இலவச எக்ஸ்பிரஸ் எடிஷனில், 2022 வெர்ஷன் வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜி.பி.தான் வரம்பு. டேட்டாபேஸை என்கிரிப்ட் செய்யும் டி.டி.இ. வசதி ஸ்டாண்டர்டு எடிஷனுக்கு வந்ததே 2019-இல்தான். எனவே 2016 என்டர்பிரைஸில் டி.டி.இ. போட்ட டேட்டாபேஸ், 2016 ஸ்டாண்டர்டில் எழாது. எடிஷன் ஒத்துப்போனாலும், அதன் சர்டிஃபிகேட் இல்லாவிட்டால் பேக்கப் வெறும் ஃபைல்தான்.

துறைமுக ஏரியாவுக்கு என்ன?

2017 ஜூனில் நாட்பெட்யா தாக்குதலில் நவி மும்பை ஜே.என்.பி.டி.யின் ஒரு டெர்மினல் முடங்கியது. அதை நடத்திய மெர்ஸ்க் குழுமம் சுமார் 4,000 சர்வர்களைப் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. அப்படி ஒரு நாளில் வெர்ஷன் தேடி அலைய நேரம் இருக்காது.

இன்னொன்று, 2018 கஸ்டம்ஸ் புரோக்கர் விதிகளின்படி ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பேக்கப் திறக்காவிட்டால், அதிகாரி கேட்கும்போது காட்ட எதுவும் இருக்காது.

என்ன செய்யலாம்?

• பேக்கப்புடன் வெர்ஷன், எடிஷன் விவரத்தையும் எழுதி வையுங்கள்.
• இன்ஸ்டாலேஷன் ஃபைல், டி.டி.இ. சர்டிஃபிகேட் இரண்டையும் சர்வருக்கு வெளியே வையுங்கள்.
• ‘வெரிஃபை’ மட்டும் போதாது. மாதம் ஒருமுறை வேறு மெஷினில் நிஜமாகவே ரீஸ்டோர் செய்து, ஒரு பழைய பில்லைத் திறந்து பாருங்கள்.

2016 வெர்ஷனுக்கான மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2026 ஜூலை 14-உடன் முடிகிறது. புதியதற்கு மாறும் ஆபீஸ்கள் ஸ்டாண்ட்-பை சர்வரையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. மெயின் சர்வரை மட்டும் மாற்றினால், அன்றைக்கே அந்த ஸ்டாண்ட்-பை வெறும் இரும்புப் பெட்டி.