குழந்தை நலம்: காய்ச்சல் இறங்கினால் போதுமா?

கேள்வி: என் மூன்று வயதுப் பேரனுக்கு ஆறு நாள் கடுங்காய்ச்சல். கண் சிவந்து, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. "கவாசாகி நோய்" என்று கே.கே. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். இப்போது நலம். தோட்டத்திலிருக்கும் என் அக்காவோ, "அது அம்மைதான். வேப்பிலை போட்டு வீட்டிலேயே வைத்திருந்தால் தானே இறங்கியிருக்கும்" என்கிறார். உண்மையா?
- ஒரு பாட்டி, பிடோக்.

பதில்: அம்மா, உங்கள் அக்கா சொல்வதில் பாதி உண்மை. இந்தக் காய்ச்சல் மருந்தில்லாமலும் சில வாரங்களில் இறங்கிவிடும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. காய்ச்சல் போனபின்னும் இதயத்தில் பழுது தங்கிவிடலாம்.

ஜப்பானிய டாக்டர் தொமிசாக்கு கவாசாகி 1961-இல் இந்நோயை முதலில் கண்டார். 1967-இல் 50 குழந்தைகளைப் பற்றி எழுதினார். பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கே வரும். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் நம் உடம்பின் காவற்காரர்கள். கிருமிகளை விரட்டுவது அவற்றின் வேலை. இந்நோயில் அவை வெறிகொண்டு, இரத்தக் குழாயின் சுவருக்குள்ளேயே புகுந்து அதை அரிக்கின்றன. இதயத்துக்கு இரத்தம் ஊட்டும் குழாய்களுக்குத்தான் பெருஞ்சேதம். சுவர் நைந்து, பழைய சைக்கிள் டியூப்பைப்போல் புடைத்துவிடும். அங்கே இரத்தம் உறைந்தால் பச்சைக் குழந்தைக்கும் மாரடைப்பு வரலாம்.

மருந்தின்றி விட்டால் நூற்றுக்கு ஏறக்குறைய 25 பேருக்கு இந்தப் புடைப்பு ஏற்படுகிறது. காய்ச்சல் கண்ட 10 நாட்களுக்குள் மருந்து ஏற்றினால் அது சுமார் 5 ஆகக் குறைகிறது. அந்த மருந்து, இரத்ததானம் செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் பொருள். வெள்ளை அணுக்களின் வெறியை அது தணிக்கிறது.

வெள்ளை அணுவின் மேல் எதிர்ப்புப் பொருள் வந்து ஒட்டும் இடம் ஒன்று உண்டு. அதை அமைக்கும் மரபணுவிலுள்ள சிறு வேறுபாடு நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று, 2011-இல் சிங்கப்பூர் மரபணு ஆய்வுக் கழகத்தார் பல நாட்டினரோடு சேர்ந்து கண்டார்கள். ஆகவே இது சாமி குற்றமுமல்ல, தாயின் கவனக்குறைவுமல்ல.

தாய்மார்கள் கவனிக்க: ஐந்து நாள் விடாத காய்ச்சல், பீளையில்லாமல் சிவந்த கண், வெடித்த உதடு, செக்கச்சிவந்த நாக்கு, தடிப்பு, வீங்கிய கை கால், கழுத்தில் கட்டி. எல்லாம் ஒருங்கே வரவேண்டும் என்பதில்லை. கைக்குழந்தைக்குச் சிலவே தெரியும். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

பேரனை இதய ஸ்கேனுக்குத் தவறாமல் அழைத்துச் செல்லுங்கள். ஆஸ்பிரினை நீங்களாகக் கொடுக்கவோ நிறுத்தவோ கூடாது. மருந்து ஏற்றியதால் தட்டம்மைத் தடுப்பூசியைச் சுமார் 11 மாதம் தள்ளிப்போட வேண்டியிருக்கும், டாக்டரிடம் கேளுங்கள். அக்காவுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். தோட்டத்திலும் குழந்தைகள் இருக்கிறார்கள் அல்லவா?