ஆம்ப்ளிஃபயர்களில் ராஜா யார்?

பம்பாய்த் தமிழர்கள் விட்டுக்கொடுக்காமல் வாதாடும் விஷயங்கள் சில உண்டு. ஜி.என்.பி. பெரியவரா, மதுரை மணி பெரியவரா என்பது ஒன்று. மாட்டுங்காவில் எந்தக் கடைக் காபி உசத்தி என்பது இன்னொன்று. ரெக்கார்டு பிரியர்களின் சின்னக் கூட்டம் ஒன்று இந்தப் பட்டியலில் மூன்றாவதாக ஒரு கேள்வியைச் சேர்த்து வைத்திருக்கிறது. பழைய ஹைஃபை ஆம்ப்ளிஃபயர்களில் தலைசிறந்தது எது?

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் இந்த விவாதத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கட்சிக்காரர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். "குவாட் மாதிரி வருமா ஓய்!" என்பார் ஒருவர். "பதினஞ்சு வாட்டை வச்சுண்டு என்ன பண்றது? மேக்கின்டாஷ்னா மேக்கின்டாஷ்தான்" என்பார் அடுத்தவர். மூன்றாமவர் பயனியர் கட்சி. நடுவில் யாராவது ஒரு இளைஞர் புளூடூத் ஸ்பீக்கர் என்று வாயெடுத்தால் போதும், மூவரும் அந்தக் கணமே கூட்டணி சேர்ந்துவிடுகிறார்கள்.

தமிழ் படித்த எனக்கு இதில் முதலில் கண்ணில் படுவது சொல். ஆம்ப்ளிஃபயருக்கு அறிவியல் தமிழில் 'பெருக்கி' என்று பெயர். பெருக்குவது என்றால் அதிகமாக்குவது. விளக்குமாற்றால் கூட்டித் தள்ளுவதும் பெருக்குவதுதான். ஒரு நல்ல ஆம்ப்ளிஃபயரிடம் நாம் எதிர்பார்ப்பது இந்த இரண்டையும்தான். ரெக்கார்டு ஊசியிலிருந்து வரும் மிக மெல்லிய மின்சாரத்தை அது பல மடங்காக்க வேண்டும். தன் பங்குக்குக் குப்பை எதையும் சேர்க்கக் கூடாது. மொழிபெயர்ப்பாளனிடம் எதிர்பார்ப்பதும் கிட்டத்தட்ட இதையேதான் என்பதால், இந்தப் பெட்டிகளின் மேல் எனக்கு ஒரு தொழில் பாசம் உண்டு.

குப்பையைக் குறைக்க வழி கண்டவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூட இன்ஜினீயர் ஹரால்ட் பிளாக். 1927 ஆகஸ்டில் ஒரு நாள், படகில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது அவருக்கு அந்த யோசனை உதித்தது. கையிலிருந்த செய்தித்தாளிலேயே குறித்துக்கொண்டார். வெளியே வருவதில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி மறுபடி உள்ளே அனுப்பினால், பிழை தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். 'நெகட்டிவ் ஃபீட்பேக்' என்று இதற்குப் பெயர்.

இந்தத் தத்துவத்தை வைத்து வீட்டு ஆம்ப்ளிஃபயரை உயர்த்தியவர்களில் பிரிட்டிஷ்காரர்கள் முக்கியமானவர்கள். 1945-ல் ஹரால்ட் லீக் தன் பெட்டிக்கு 'பாயின்ட் ஒன்' என்று பெயர் வைத்தார். ஒலிச் சிதைவு 0.1 சதவிகிதம்தான் என்பதை அந்தப் பெயரே சொல்லியது. 1953-ல் பீட்டர் வாக்கரின் நிறுவனம் குவாட் II-ஐக் கொண்டுவந்தது. ஒரு பெட்டிக்கு இரண்டு கே.டி.66 வால்வுகள், 15 வாட். ஸ்டீரியோ வேண்டுமானால் இரண்டு பெட்டிகள் வாங்க வேண்டும். அமெரிக்காவில் 1961-ல் வந்த மேக்கின்டாஷ் எம்.சி.275, கே.டி.88 வால்வுகளைக் கொண்டு சேனலுக்கு 75 வாட் தந்தது. ஜப்பானியர்கள் டிரான்சிஸ்டரை வைத்து வாட் பந்தயமே நடத்தினார்கள். அதன் உச்சம் 1978-ல் வந்த பயனியர் எஸ்.எக்ஸ்.1980. சேனலுக்கு 270 வாட், எடை சுமார் 35 கிலோ. அதே 1978-ல் வெறும் 20 வாட் என்ற கணக்கோடு, அலங்காரம் ஏதுமில்லாமல், மலிவு விலையில் வந்த என்.ஏ.டி. 3020 லட்சக்கணக்கில் விற்றது ஒரு வேடிக்கை.

இவை பம்பாய்க்கு வந்த வழிகள் பல. கப்பலில் வேலை பார்த்தவர்கள் கொண்டுவந்தார்கள், வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் சுமந்து வந்தார்கள், ஊரைக் காலி செய்து போனவர்கள் விற்றுவிட்டுப் போனார்கள். கைமாறிக் கைமாறி சோர் பஜாருக்கு வந்து சேர்ந்தவை ஏராளம். 1991-க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்க வரியும் சேர்ந்து, சாதாரணச் சம்பளக்காரர் புதுப் பெட்டியை நினைத்தும் பார்க்க முடியாமல் செய்திருந்தன. அந்த இடத்தை நிரப்பியவை நம் கம்பெனிகள். பம்பாயின் காஸ்மிக்கும் நார்ஜும், கல்கத்தாவின் சோனோடைனும் நடுத்தர வீட்டுக் கூடங்களில் குடியேறின. இன்னும் கை வசதி குறைந்தவர்கள் லேமிங்டன் ரோட்டுக்குப் போய் டிரான்ஸ்ஃபார்மர், கண்டன்சர், 2என்3055 டிரான்சிஸ்டர் என்று தனித்தனியாக வாங்கி வந்து, தாங்களே சால்டரிங் வைத்துப் பாட்டுக் கேட்டார்கள்.

சரி, இவற்றில் ராஜா யார்? காதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியுமா?

குவாட் நிறுவனம் 1978-ல் இதைத் துணிந்து சோதித்தது. தன்னுடைய மூன்று தலைமுறை ஆம்ப்ளிஃபயர்களை வரிசையாக வைத்தது. 1953-ன் வால்வுப் பெட்டி, 1967-ன் 303, 1975-ன் 405. பின்னவை இரண்டும் டிரான்சிஸ்டர். ஜேம்ஸ் மாய்ர் என்ற ஒலி நிபுணர் சோதனையை நடத்தினார். எது ஒலிக்கிறது என்று சொல்லாமல், பழகிய காதுகளை உட்கார வைத்துக் கேட்கச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்வதைவிட மேலாக யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. புதுப் பெட்டியை விற்க வேண்டிய கம்பெனியே, எங்கள் பழைய பெட்டியும் இதுவும் காதுக்கு ஒன்றுதான் என்று காட்டிக்கொண்டது. இந்த நேர்மையை இன்றைய விளம்பர உலகில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் நம் மாட்டுங்கா பெரியவர்களுக்கு மட்டும் வித்தியாசம் கேட்பதெப்படி? அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரே பாட்டை இரண்டு பெட்டிகளில் போடும்போது ஒன்று இம்மியளவு உரக்க ஒலித்தாலும், அதுதான் 'தெளிவு', 'உயிரோட்டம்' என்று காது ஏமாறும். அதனால்தான் முறையான சோதனைகளில் இரண்டின் சத்தத்தையும் 0.1 டெசிபல் வரை சமமாக்கிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். தவிர, பழைய வால்வுப் பெட்டிகள் சிலவற்றுக்கு நிஜமாகவே தனிக் குணம் உண்டு. திறனுக்கு மேல் திருகினால் அவை கரகரக்காமல் மெதுவாகக் குழையும். அந்தக் குழைவும் ஒரு சிதைவுதான். ஆனால் இனிமையான சிதைவு.

வாட் கணக்கும் நாம் நினைப்பது போல் இல்லை. வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். 270 வாட் பயனியரை முழுதாகத் திருகினாலும் அது 15 வாட் குவாடைப் போல் 18 மடங்கு உரக்கப் பாடாது. மூன்று மடங்குகூடத் தேறாது. 1990-களில் நம் கடைகளில் டூ-இன்-ஒன் நெற்றியில் '1000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று ஒட்டியிருந்தார்களே, அது கண்ணிமைக்கும் நேரத்து உச்சத்தை வைத்துக் கட்டிய கதை. அமெரிக்காவில் 1974-லேயே இத்தகைய வாட் புளுகுக்கு அரசு ஒரு விதி போட்டுக் கடிவாளமிட்டது.

ஆக, நன்றாகச் செய்யப்பட்ட பெட்டிகளுக்குள் ஒலியை வைத்து ராஜாவைத் தேர்ந்தெடுப்பது கஷ்டம். வேறு எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

எனக்கு விடை கிடைத்தது தாராவியில். 90 அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்யும் திருநெல்வேலிக்காரர் ஒருவரிடம், "அண்ணாச்சி, எத்தனையோ செட்டு உங்க கைக்கு வந்திருக்கும். எது ஒசத்தி?" என்று கேட்டேன். கையிலிருந்த சால்டரிங் அயர்னைக் கீழே வைக்காமலே சொன்னார்: "பாட்டு எல்லாத்துலயும் நல்லாத்தான் சார் இருக்கும். மூடியக் கழட்டினா உள்ள கை போகுதான்னு பாருங்க. அதான் நல்ல செட்டு."

இதைவிடக் கச்சிதமான இலக்கணத்தை நான் எந்த ஹைஃபை பத்திரிகையிலும் படித்ததில்லை. பழைய ஆம்ப்ளிஃபயரில் வயதாகிச் சாவது பெரும்பாலும் சில்லறைச் சாமான்கள்தான். எலக்ட்ரோலிடிக் கண்டன்சர் உள்ளே காய்ந்துபோகும். உடனே 'உம்'மென்ற இரைச்சல் வரும். வால்வுப் பெட்டியில் கப்ளிங் கண்டன்சர் கசிய ஆரம்பித்தால் அவுட்புட் வால்வு சிவக்கச் சிவக்கச் சூடேறி, விட்டால் டிரான்ஸ்ஃபார்மரையும் கொண்டுபோய்விடும். ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த 100 வோல்ட் பெட்டியை யாராவது நம் 230 வோல்ட்டில் செருகிவிட்டு, புகை வந்தபின் தூக்கிக்கொண்டு ஓடி வருவதும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் மருந்து இருக்கிறது. வேண்டியவை மூன்று: கழற்ற முடிகிற திருகாணி, சர்க்யூட் படம், அதைப் படிக்கத் தெரிந்த ஆள்.

இந்த அளவுகோலை வைத்தால் பட்டியலே மாறிவிடுகிறது. என் முதல் ஓட்டு, கடையில் விற்ற எந்தப் பெட்டிக்கும் இல்லை. 1947 ஏப்ரல், மே மாதங்களில் 'ஒயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் டி.டி.என். வில்லியம்சன் என்ற இளம் இன்ஜினீயர், 15 வாட் ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் முழு சர்க்யூட்டையும் விளக்கத்தோடு வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். உலகெங்கும் பொழுதுபோக்குக்காரர்கள் செய்தார்கள், கம்பெனிகளும் பின்பற்றின. எதையும் ஒளிக்காமல் ஊருக்குக் கொடுத்த பெட்டி அது.

இரண்டாவது ஓட்டு, எந்த ஹைஃபை ரசிகரும் சேர்க்காத அஹுஜாவுக்கு. 1940-ல் டெல்லியில் தொடங்கிய நிறுவனம். கோயில் கொடை, கல்யாணப் பந்தல், தேர்தல் கூட்டம், தாராவியின் பொங்கல் என்று நம் வாழ்நாளில் நாம் கேட்ட சத்தத்தில் பாதி அதன் வழியாக வந்ததுதான். கரண்ட் போனால் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் மாடல்கள் உண்டு. ஹைஃபை அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைத் திறந்து பார்க்காத மெக்கானிக் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில்கூட இருக்க மாட்டார்.

இப்போது வரும் சிறு பெட்டிகள் மோசம் என்று சொல்ல மாட்டேன். மின்சாரம் குறைவாகத் தின்று, அளவுக்கு மீறிய தெளிவோடு பாடுகின்றன. ஆனால் கடுகளவு சாமான்கள், சேர்த்து ஒட்டிய மூடி. கெட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். மத்திய அரசு 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஓர் இணையதளம் திறந்தது. மின்னணுச் சாமான்களும் அதில் அடக்கம். நல்ல காரியம். ஆனால் உரிமை மட்டும் சால்டரிங் வைக்காது. கை வேண்டும்.

அந்தக் கைகள்தான் குறைந்துகொண்டு வருகின்றன. அண்ணாச்சியின் மகன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. கடை இருக்கும் சந்தும் தாராவி மறுசீரமைப்பின் எல்லைக்குள் வருகிறது. 2022-ல் ஏலம் முடிந்த அந்தத் திட்டத்தில், 2000-ம் ஆண்டு ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவியிலேயே வீடு. பிந்தியவர்களுக்கு வெளியே. பெட்டியைத் தோளில் சுமந்து நடந்து வரும் தூரத்தில் இருப்பதுதான் ரிப்பேர் கடையின் உயிர். அது பத்து கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டால், பெட்டி அதைவிடப் பக்கத்தில் இருக்கும் காயலான் கடைக்குப் போகும். அங்கே குவாடும் காஸ்மிக்கும் ஒன்றுதான். டிரான்ஸ்ஃபார்மரை உடைத்து, செம்புக் கம்பியைத் தராசில் போடுவார்கள்.

மாட்டுங்கா, செம்பூர் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். யார் ராஜா என்ற சண்டையைத் தாராளமாகத் தொடருங்கள். ஆனால் பரண் மேல் தூசி படிந்து கிடக்கும் பெட்டியை இறக்கி, அது பேசுகிறவரை ஒரு மெக்கானிக்கிடம் கொடுங்கள். கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். சர்க்யூட் படம் இருந்தால் ஒரு பிரதி எடுத்து அவரிடமே விட்டு வாருங்கள். அடுத்து வரும் பையன் கற்றுக்கொள்ள அது உதவும்.